இரண்டு தலைக்கு இருநூற்றுப் பத்து

1

இன்று காலை காரில் ஒட்டியிருந்த சிவப்பு 'பி' ஸ்டிக்கர் இரண்டையும் உரித்துப் போட்டேன். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. மலேசியாவில் புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்கள் இரண்டு வருஷம் அதை ஒட்டிக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். நேற்றோடு எனக்கு இரண்டு வருஷம் முடிந்தது.

அதைச் சொல்வதற்காக எழுதவில்லை. காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கார் டயருக்குச் சரியான காற்று எவ்வளவு என்று கண்டுபிடித்துவிட்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. நானே கண்டுபிடித்தேன். சொன்னால் சிரிப்பீர்கள். ஆறு மாதமாக என் தோளுக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

கள்ளக்குறிச்சிப் பக்கம் கார் வைத்திருப்பவர்கள், ஜீப் ஓட்டுபவர்கள், யாராக இருந்தாலும் இதைப் படியுங்கள். நான் கச்சிராயபாளையத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நீட்டி எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

2

ஈப்போவுக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. வீட்டுக்காரரின் முன்னோர் எலவனாசூர்கோட்டைப் பக்கத்திலிருந்து இங்கே வந்தவர்கள். பெண் தேடி எங்கள் பக்கம் வந்தார்கள். கட்டிக்கொண்டு வந்தேன். ஒரு லாண்டரியில் வேலை. ஓட்டல்களின் படுக்கை விரிப்பு, துண்டு எல்லாம் எங்களிடம் வரும். மடித்து அடுக்குவேன். வீட்டுக்காரருக்கு மோட்டார் சைக்கிள் போதும். ஒரே பெண், ஷாலினி. பதினெட்டு வயது.

லைசென்ஸ் எடுக்கப் போனபோது முதல் சிக்கல் என் ஊரால் வந்தது. பாஸ்போர்ட்டில் விழுப்புரம் மாவட்டம் என்று இருந்தது. புதிதாக வாங்கிய பிறப்புச் சான்றில் கள்ளக்குறிச்சி மாவட்டம். கவுன்டரில் இருந்த அம்மா இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"எப்போது இடம் மாறினாய்?" என்று மலாயில் கேட்டார்.

"நான் மாறவில்லை. மாவட்டம்தான் மாறியது" என்றேன். எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அது அவருக்கு எப்படிக் கேட்டதோ, பக்கத்துக் கவுன்டர்காரரையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார். மூன்று முறை அலைந்தேன்.

சட்டப் பரீட்சை தமிழிலும் உண்டு. அதில் பிழைத்தேன். வண்டிப் பரீட்சையில் பார்க்கிங்கில் இரண்டு தடவை கம்பத்தை இடித்தேன். மூன்றாம் தடவை பாஸ்.

பரீட்சைக்கு முன் வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகக் கையால் காட்டி மலாயில் சொல்ல வேண்டும். விளக்கு, கண்ணாடி, டயர். டயர் பக்கத்தில் நின்று "ஆங்கின் சுக்குப்" என்று சொல்லச் சொன்னார்கள். காற்று போதுமான அளவு இருக்கிறது என்று அர்த்தம். மனப்பாடம் செய்து சொன்னேன். அதிகாரி தலையாட்டினார். எவ்வளவு இருந்தால் போதும் என்று அவரும் கேட்கவில்லை, டிரைவிங் பள்ளியிலும் சொல்லவில்லை.

அங்கே விட்ட ஓட்டைதான் பின்னால் பெரிதானது.

3

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

என் அண்ணன் ராசேந்திரன் கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஷேர் ஜீப் ஓட்டுகிறான். இன்றும் ஓட்டுகிறான். அவன் ஜீப்பில் ஒவ்வொரு சக்கரத்துக்கு மேலும் மட்கார்டில் மஞ்சள் பெயின்ட்டில் எண் எழுதியிருக்கும். முன்னால் இருபத்தெட்டு, பின்னால் முப்பது. அவனே எழுதியது. கரும்பு லாரிகளைப் பாருங்கள், பஸ்ஸைப் பாருங்கள். சக்கரத்துக்கு மேல் எண் இருக்கும். அது காற்று எண். யார் காற்று அடித்தாலும் அதைப் பார்த்து அடிப்பார்கள். கேள்வியே இல்லை.

மலை ஏறும் ஜீப்புக்கு இன்னொரு கணக்கு உண்டு. தலைக்கு அரை. ஒரு ஆள் கூடினால் பின் சக்கரத்துக்கு அரை பாயிண்ட் கூட்ட வேண்டும். காற்றுக்கடை பாய் குழாயைக் கையில் எடுத்ததும் முதலில் கேட்பது அதைத்தான்.

"எத்தினி தல?"

"பத்து தல, ரெண்டு மூட்ட" என்பான் அண்ணன்.

பாய் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்து எண்ணுவார். ஒருநாள் பின்சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மாவைப் பார்த்து, "இந்தம்மாவ ஒரு தலன்னு போடாதப்பா. ஒன்ற போடு" என்றார்.

அந்தம்மா விடவில்லை. "ஓன் வாயில இருக்கிற காத்த புடிச்சி அடிச்சாலே நாலு சக்கரமும் ரொம்பிடும். எதுக்கு அந்தக் கொழா?"

ஜீப்பே சிரித்தது. பாயும் சிரித்துக்கொண்டே அடித்தார். ஆனால் ஒன்றரை போட்டுத்தான் அடித்தார்.

மலையிலிருந்து இறங்கி வந்த சூட்டில் மட்டும் பாய் குழாயைத் தொட மாட்டார். "ஆற வையி. டீ குடிச்சிட்டு வா" என்பார். சூட்டில் காற்று ஜாஸ்தி காட்டும்.

இவ்வளவும் பார்த்து வளர்ந்தவள் நான். எனவே காற்று விஷயத்தில் எனக்குத் தெரியாதது இல்லை என்று நினைத்தேன்.

4

ஒன்பது மாதம் முன்பு கார் வாங்கினேன். பழைய கார், சின்ன கார், வெள்ளி நிறம். வண்டியோடு கையேடு எதுவும் வரவில்லை.

முதல் வேலையாகப் பெட்ரோல் பங்க்குக்குப் போனேன். இங்கே காற்றடிக்க ஆள் கிடையாது. சுவரில் ஒரு மெஷின். நாம் எண்ணை வைத்துவிட்டுக் குழாயைச் சொருகினால் அதுவே அடித்து முடித்துக் கீக்கீ என்று கத்தும். எந்த எண்ணை வைப்பது? மட்கார்டைப் பார்த்தேன். இல்லை. நான்கு பக்கமும் சுற்றி வந்தேன். இல்லை. குனிந்து பார்த்தால் டயரின் பக்கவாட்டிலேயே எண் இருந்தது. 300. அதற்கு முன்னால் ஏதோ ஆங்கிலத்தில்.

எனக்குச் சந்தோஷம். நம்மூரில் சக்கரத்துக்கு மேல் எழுதுகிறார்கள், இங்கே சக்கரத்திலேயே எழுதிவிடுகிறார்கள் என்று நினைத்தேன். வேலை முடிந்து வெயிலில் வந்திருந்தேன், டயர் கொதித்தது. அதையும் மறந்து நான்கு டயருக்கும் முந்நூறு வைத்து அடித்தேன். அன்றிலிருந்து மாதம் ஒருமுறை முந்நூறு. தவறாமல்.

வண்டி குதிக்க ஆரம்பித்தது. சின்னக் கல் ஏறினாலும் தூக்கிப் போட்டது. பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். எங்கள் அடுக்குமாடி வாசலில் ஒரு வேகத்தடை உண்டு. அதில் ஏறினால் ஷாலினி தலை கூரையில் இடிக்கும்.

"மா, இது காரா, குதிரையா?"

"பழகிடும்."

"எனக்குப் பழக வேணாம் மா. பக்கத்து புளோக் ஆளுங்க பாக்குறாங்க, மாலு லா."

மாலு என்றால் மலாயில் வெட்கம். லா என்பது நம் 'பா' மாதிரி ஒரு இழுப்பு. அவள் பேச்சில் பாதி அப்படித்தான் வரும். மீதிப் பாதி ஆங்கிலம். என்னிடம் பேசும்போது தமிழ், அதுவும் வர வரக் குறைந்து "ம்" என்பதில் வந்து நின்றது. அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளே தோழிகளோடு போனில் சிரிப்பாள். நான் தட்டினால் சிரிப்பு நிற்கும். நான் கோபப்பட்டதில்லை. வயசு.

அவளுக்குக் கேமரன் மலையில் ஓட்டல் படிப்புக்கு இடம் கிடைத்தது. விடுதியில் தங்க வேண்டும். என் காரில் நானே கொண்டுபோய் விடுவது என்று முடிவு செய்திருந்தேன். கார் வாங்கியதே பாதி அதற்காகத்தான்.

காரணம் உண்டு. கல்யாணம் முடிந்து நான் கிளம்பியபோது கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அண்ணன் பையை ஜன்னல் வழியாகக் கொடுத்தான். பஸ் கிளம்பிவிட்டது. அதற்குமேல் வர யாருக்கும் வசதி இல்லை. நான் எந்த வீட்டில், எந்த அறையில் படுக்கிறேன் என்று என் வீட்டார் ஒருவரும் பார்த்ததில்லை. இன்றுவரை பார்த்ததில்லை. என் பெண் எந்தக் கட்டிலில் படுக்கிறாள் என்று நான் பார்த்தாக வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது ஒரு மாலை மழை. ஷாலினியோடு கடையிலிருந்து வந்துகொண்டிருந்தேன். வளைவுச் சந்திப்பில் திருப்பும்போது வண்டியின் பின்பக்கம் தனியாகப் போனது. வழுக்கிக்கொண்டு போய் ரோட்டோரக் கல்லில் முட்டி நின்றது. அடி இல்லை. கீறல்கூட இல்லை.

ஷாலினி கதவைத் திறந்தாள். மழையில் இறங்கினாள். அங்கிருந்து வீடு ஐந்து நிமிஷம். நடந்தே போனாள்.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது தலையைத் துவட்டிக்கொண்டு நின்றாள். "நான் பஸ்ல போறேன் மா. டிக்கெட் எடுத்துட்டேன்" என்றாள்.

5

மறுநாள் வேலை இடைவேளையில் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"இன்னாம்மே, காரு வாங்கின அப்பால அண்ணன் நெனப்பே இல்லியா?"

"ண்ணா, வண்டி குதிக்குது."

"குதிக்குதா? காரு வாங்கினியா, கன்னுக்குட்டி வாங்கினியா?"

"வெளையாடாத ண்ணா. நேத்து மழையில வழுக்கிடுச்சி. புள்ள பயந்துட்டா. என்னோட வரமாட்டேன்னுட்டா."

அவன் குரல் மாறியது. "டயரு தேஞ்சிருக்குதா?"

"இல்ல. புதுசு."

"காத்து எத்தினி வெச்சிருக்கிற?"

"முந்நூறு."

"இன்னாது?"

"முந்நூறு ண்ணா. இங்க கணக்கு வேற."

"எங்க பாத்து வெச்ச?"

"சக்கரத்துலயே போட்டிருக்குது."

"மட்கார்டுலயா?"

"இல்ல, டயர் மேல. ரப்பர்லயே."

"இரு. வெச்சிடாத" என்றான். ஜீப் பக்கம் நடந்து போகிற சத்தம் கேட்டது. குனிந்து முனகுகிற சத்தம். பக்கத்தில் யாரோ "இன்னாண்ணே தேடுற?" என்று கேட்க, "சும்மா இருடா" என்றான்.

"ஏம்மே... என் வண்டியிலயும் இருக்குதுமே!"

"எத்தினி?"

"அம்பது. தோ, எழுத்தெழுத்தா இருக்குது. இத்தினி வருசமா ஓட்டிக்கினு இருக்கிறேன், இத்த பாத்ததே இல்ல. நான் வெக்கிறது இருபத்தெட்டும் முப்பதும்."

"அப்ப நீ வெக்கிறது கம்மியா?"

"அட போ. அம்பது வெச்சி மல ஏறினா மொத வளைவுலயே பள்ளத்துல இருப்பேன். இது வெக்கிற அளவு இல்லம்மே. இதுக்கு மேல தாங்காதுன்னு எழுதியிருக்கிறான். அரிசி மூட்டையில அம்பது கிலோன்னு போட்டிருக்குதுன்னு ஒரே வேளையில அம்பது கிலோவா துன்ற?"

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் எண்ணிப் பார்த்தேன். ஆறு மாதம். ஒவ்வொரு மாதமும் தவறாமல், தாங்குகிற கடைசி அளவுக்கு அடித்து, அந்தச் சக்கரத்தின் மேல் என் பெண்ணை உட்கார வைத்திருக்கிறேன்.

"அப்ப சரியான அளவு எங்க ண்ணா இருக்கும்?"

"ஓன் வண்டி, எனக்கு இன்னா தெரியும்? ஆனா வண்டி செஞ்சவன் எங்கியாவது எழுதாம இருக்க மாட்டான். தேடு."

6

தேடினேன். மூன்று நாள்.

வீட்டுக்காரரைக் கேட்டேன். "எல்லாக் காருக்கும் இருநூத்தி முப்பது வைப்பாங்க" என்றார். லாண்டரி வாசல் காவலாளி இருநூறு என்றார். அவர் இருபது வருஷம் டாக்சி ஓட்டியவர். ஒரு பட்டறையில் கேட்டேன். அந்த ஆள் டயரைக் காலால் ஒரு உதை விட்டு, "ஓகே லா" என்றார். மூன்று பேர், மூன்று பதில். யாரும் என் காரைப் பார்த்துச் சொல்லவில்லை.

நானும் பானெட்டைத் திறந்து பார்த்தேன். டிக்கியில் பார்த்தேன். ஸ்டெப்னிக்குக் கீழே பார்த்தேன். இல்லை.

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஷாலினி என்னோடு வருகிறாளோ இல்லையோ, வண்டி சுத்தமாக இருக்கட்டும் என்று கழுவினேன். டிரைவர் கதவைத் திறந்தால், கதவு வந்து ஒட்டுகிற தூண் இருக்கிறதே, அதில் ஆயில் மாற்றும் கடைக்காரர்களின் ஸ்டிக்கர்கள். அடுத்த ஆயில் எப்போது என்று எழுதி ஒட்டுவார்கள். பழைய ஓனர் காலத்தது. ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று. அழுக்குப் பிடித்துக் கிடந்தன. உரித்தேன். பசை போகவில்லை. சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து தடவித் துணியால் தேய்த்தேன்.

கீழே இன்னொரு ஸ்டிக்கர் இருந்தது. அது கடைக்காரர் ஒட்டியது இல்லை. வண்டியோடு பிறந்தது. டயர் படம் ஒன்று. பக்கத்தில் இரண்டு கட்டம்.

முதல் கட்டத்தில் இரண்டு தலைகள். ஆள் படம், தலையும் தோளும் மட்டும். அதற்கு நேராக முன் சக்கரம் 210, பின் சக்கரம் 210.

இரண்டாவது கட்டத்தில் ஐந்து தலைகள், ஒரு பெட்டி. அதற்கு நேராக முன்னால் 220. பின்னால் 240.

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கையெல்லாம் எண்ணெய். எழுதியிருந்த ஆங்கிலம் எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. எத்தினி தல? பாய் கேட்கிற அதே கேள்வி. மூட்டைக்குக்கூடப் படம் போட்டிருக்கிறான். தலை கூடினால் பின் சக்கரத்துக்குத்தான் அதிகம் கூட்டுகிறான். நம்மூர்க் கணக்கை எந்த ஊரிலோ உட்கார்ந்து ஒருத்தன் அளந்து அச்சடித்து என் கதவில் ஒட்டி வைத்திருக்கிறான்!

போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டான்.

"பாய் கிட்ட காட்டிட்டேம்மே. கடையில இருக்கிற எல்லாத்துக்கும் போன சுத்திச் சுத்திக் காட்டிக்கினு இருக்கிறாரு. 'எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனா நான் சொல்றது காரு கம்பெனிக்காரனுக்கே தெரிஞ்சிருக்குது'ன்றாரு."

"ண்ணா, இருநூத்திப் பத்துன்னா நம்ம கணக்குல எத்தினி?"

அவன் யாரையோ கேட்டான். அந்தப் பக்கம் ஒரே சத்தம். "ஏழால வகுக்கணுமாம்மே. முப்பது!"

முப்பது. அண்ணன் ஜீப்பின் பின் மட்கார்டில் மஞ்சள் பெயின்ட்டில் எழுதியிருக்கும் அதே முப்பது. அது ஜீப், இது கார். இரண்டுக்கும் ஒரே எண் வர வேண்டும் என்று சட்டம் இல்லை. வந்துவிட்டது. நான் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தேன். சும்மா.

7

மறுநாள் காலை வெயில் வருவதற்கு முன்பே பங்க்குக்குப் போனேன். வீட்டிலிருந்து இரண்டு நிமிஷம்தான். டயரைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. பாய் இருந்திருந்தால் சரி என்றிருப்பார்.

மெஷினில் 210 வைத்துக் குழாயைச் சொருகினேன். மற்ற நாட்களில் காற்று உள்ளே போகும். அன்றைக்கு வெளியே வந்தது. புஸ்ஸென்று வந்துகொண்டே இருந்தது. எனக்குப் பின்னால் காரில் காத்திருந்த ஒரு மலாய்ப் பெண் கண்ணாடியை இறக்கி, "அக்கா, இவ்வளவு காற்றை எதற்குச் சேர்த்து வைத்திருந்தீர்கள்?" என்று கேட்டாள்.

"தெரியாமல்" என்றேன். எனக்கு அதற்கு மேல் மலாய் வரவில்லை. கதவைத் திறந்து ஸ்டிக்கரைக் காட்டினேன். அவளும் இறங்கிப் போய்த் தன் கார்க் கதவைத் திறந்து பார்த்தாள். அங்கேயும் இருந்தது. "ஓ!" என்று கத்தினாள். இரண்டு பேரும் சிரித்தோம். அவள் பத்து வருஷமாக ஓட்டுகிறவளாம்.

வண்டியை எடுத்தேன். அது வேறு வண்டி. பள்ளத்தில் இறங்கினால் இறங்கியது, ஏறினால் ஏறியது. தூக்கிப் போடவில்லை. ஸ்டியரிங் கையில் நின்றது. நான் தேவையில்லாமல் பேட்டையை இரண்டு சுற்றுச் சுற்றினேன். லாண்டரிக்குப் பத்து நிமிஷம் தாமதம். இருபது வருஷத்தில் முதல் தடவை.

8

ஷாலினியிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் "ம்" என்பாள்.

கிளம்ப மூன்று நாள் இருந்தது. அன்றும் மழை. அவளுக்குப் போர்வை வாங்க வேண்டியிருந்தது. "மழை பெய்யுது. ஏறு" என்றேன். வேறு வழியில்லாமல் ஏறினாள். பெல்ட்டை இழுத்துப் போட்டு, ஒரு கையால் மேல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையில் போன்.

வேகத்தடை வந்தது. ஏறினோம். இறங்கினோம்.

அவள் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

எனக்கு அது போதும். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். வளைவுச் சந்திப்பு வந்தது. திருப்பினேன். வண்டி பிடித்துக்கொண்டு திரும்பியது. அங்கேதான் அவள் நிமிர்ந்தாள். வெளியே பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள்.

"மா, காரை என்ன செஞ்சீங்க?"

"காத்த கொறச்சேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். முந்நூறு, அரிசி மூட்டை, ஆயில் ஸ்டிக்கர், தலைக்கு அரை. பெரியம்மா ஒன்றரை தலை கதையையும் சொன்னேன். ஷாலினி சிரித்தாள். கதவுக்குப் பின்னால் தோழிகளோடு சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. அது என் காருக்குள் கேட்டது.

அன்று சாயங்காலம் தன் பெட்டி, பைகளை ஹாலுக்கு இழுத்து வந்தாள். எடை பார்க்கும் மெஷினையும் கொண்டுவந்தாள். மாமனை வீடியோவில் கூப்பிட்டாள்.

"மாமா, ஆளு ரெண்டு. பை அஞ்சு. எந்தப் படம்?"

"இன்னாடி இது, மொத மொதல்ல மாமனுக்குப் போன் போட்டு நீயே பேசற! பை எத்தினி கிலோ?"

அவள் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். நான் கூட்டினேன். "நாப்பத்திரெண்டு" என்றேன்.

"ஒரு ஆளுக்குக் கம்மி. மொதப் படம். பின்னாடி மட்டும் தலைக்கு அரை ஏத்திக்க."

"அரைன்னா, ஏழால பெருக்கினா மூணரை மாமா. மெஷின்ல மூணரை வராது. அஞ்சு அஞ்சாத்தான் ஏறும்."

"அப்ப அஞ்சு ஏத்து. நீ துன்ற துணிக்கும் தீனிக்கும் அது தகும்."

"துணியைத் திங்க மாட்டாங்க மாமா."

"ஒங்க ஊர்ல இன்னா துன்றாங்கன்னு எனக்கு இன்னா தெரியும்?"

பஸ் டிக்கெட் பற்றி யாரும் பேசவில்லை. படுக்கப் போகும் முன் அவளே வந்து, "கேன்சல் பண்ணிட்டேன் மா" என்றாள்.

9

சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை ஏறினோம். காலையில் குளிர்ந்த டயரில் முன்னால் 210, பின்னால் 215. வளைவுகள் வெள்ளிமலை ரோட்டை விட அகலம். ஆனால் மேகம் அதே மாதிரி ரோட்டில் இறங்கி நின்றது. ஷாலினி என் போனில் ரோட்டை வீடியோ எடுத்து மாமனுக்கு அனுப்பிக்கொண்டே வந்தாள்.

விடுதி அறையில் நான்கு கட்டில். அவளுடையது ஜன்னல் பக்கம். பார்த்தேன். உட்கார்ந்து பார்த்தேன். மெத்தை பரவாயில்லை. விரிப்பை நானே விரித்தேன். லாண்டரியில் விரிப்பு மடிக்கிறவள், மூலை மடிப்பு எனக்கு அத்துப்படி. அறையில் மற்ற மூன்று பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி மலாய், ஒருத்தி சீனப் பெண், ஒருத்தி தமிழ். ஷாலினி அவர்களிடம் என்னைக் காட்டி மலாயில் சொன்னது எனக்குப் புரிந்தது.

"எங்கம்மா. மலை ரோட்டில் அவங்கதான் ஓட்டிக்கிட்டு வந்தாங்க."

மாலு என்று சொல்லவில்லை.

திரும்பும்போது நான் மட்டும். கதவைத் திறந்தபோது ஸ்டிக்கர் கண்ணில் பட்டது. இரண்டு தலைக்குப் படம் இருக்கிறது, ஐந்து தலைக்குப் படம் இருக்கிறது. ஒரு தலைக்குப் படம் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் மெதுவாக இறங்கி வந்து சேர்ந்தேன்.

10

அது நடந்து மூன்று மாதம். நேற்று ஷாலினி கூப்பிட்டாள்.

"மா, ஒரு வாரம் லீவு. நாளன்னைக்கு வரேன்."

"பஸ் எத்தனை மணிக்கு?"

"பஸ் இல்ல மா. நீங்க வாங்க. ரூம்ல இருக்கிற மூணு பேரும் நம்ம வீட்டுக்கு வராங்க. பஸ்ல போலாம்னாங்க. நான்தான் வேணாம், எங்கம்மா வருவாங்கன்னேன்."

நான் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன்.

"மா, கேக்குதா? உங்களோட சேத்து அஞ்சு தலை. ஆளுக்கொரு பெட்டி இருக்கு. ரெண்டாவது படம். மறந்துடாதீங்க."

"மறக்க மாட்டேன்" என்றேன்.

அதனால்தான் இன்று காலை முதல் வேலையாகப் 'பி' ஸ்டிக்கரை உரித்தேன். அது இருந்த இடத்தையும் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தேன். ஷாலினி விட்டுப்போன நகப்பாலிஷ் ஒன்று குளியலறையில் கிடந்தது. சிவப்பு. அதை எடுத்துப் பின் சக்கரத்துக்கு மேலே, உள்பக்கமாக, வெளியே தெரியாத இடத்தில் எழுதினேன். 210, அதற்குக் கீழே 240. கதவில்தான் ஸ்டிக்கர் இருக்கிறதே என்று வீட்டுக்காரர் கேட்டார். சக்கரத்துக்கு மேல் எண் இல்லாமல் எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது.

உங்கள் வண்டியிலும் கதவைத் திறந்து அந்தத் தூணைப் பாருங்கள். மேலே வேறு எதுவும் ஒட்டியிருந்தால் உரித்துப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம் பாருங்கள். டயரில் இருக்கும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள்.

நாளைக் காலை வெயிலுக்கு முன் பங்க்குக்குப் போவேன். முன்னால் 220, பின்னால் 240. மேலே எங்கே மெஷின் இருக்கும் என்று தெரியாது. எனவே ஐந்து தலைக்கான காற்றை இங்கேயே வைத்துக்கொண்டுதான் ஏற வேண்டும். போகும்போது நான் ஒருத்திதான். காலி வண்டி கொஞ்சம் குதிக்கும்.

குதிக்கட்டும். மெதுவாகப் போகிறேன்.